தொட்டிலருகே எத்மா: பெர்த் மொரிசோவின் 1872 ஓவியத்தில் அந்தப் பார்வைக்கு என்ன பொருள்?

ஊதாக்கரை எழுதியது:

இம்ப்ரெஷனிஸ்ட் ஓவியம் (பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரான்சில், கண்ணில் படும் வெளிச்சத்தை வேகத் தடவல்களில் பிடித்த பாணி) என்றாலே நாம் அல்லிக்குளம், வைக்கோல் போர், ரயில் நிலையம் என்று வெளியேதான் சுற்றுகிறோம். இந்த முறை வீட்டுக்குள்ளே போகலாம்.

பிரெஞ்சு ஓவியர் பெர்த் மொரிசோவின் 'தொட்டில்', 1872-இல் பாரிஸில் வரைந்தது. இப்போது ஓர்சே மியூசியத்தில் இருக்கிறது. பிரதிகளில் பெரிதாகத் தெரியும், ஆனால் சின்னப் படம்தான்: 56 செ.மீ. உயரம், அகலம் அதைவிடக் குறைவு. இடப்பக்கம் கருநீலத்தில் கோடு போட்ட உடையில் ஒரு பெண், கழுத்தில் கறுப்பு ரிப்பன். இடது கையை மடித்துக் கன்னத்தில் ஊன்றியிருக்கிறாள். வலது கை தொட்டிலின் விளிம்பில், அதை மூடிய மெல்லிய வெள்ளைத் துணியைப் பிடித்தபடி. வலப்பக்கம், அந்தத் துணிக்குப் பின்னால், தூங்கும் குழந்தை.

அந்தப் பெண் எத்மா, பெர்த்தின் அக்கா. குழந்தை எத்மாவின் இரண்டாவது மகள் பிளான்ஷ்.

வாழ்த்து அட்டையிலும் நாட்காட்டியிலும் இந்தப் படத்தைப் போட்டுக் கீழே 'தாயன்பு' என்று எழுதிவிடுகிறார்கள். எனக்கு அது போதவில்லை. அவள் சிரிக்கவில்லை, குனிந்து கொஞ்சவும் இல்லை. கண் குழந்தை மேல்தான் இருக்கிறது, ஆனால் மனம் முழுக்க அங்கேயே இருக்கிறதா என்று கேட்கத் தோன்றுகிறது. உங்களுக்கு அந்த முகத்தில் என்ன தெரிகிறது?

மேற்குமாடம் எழுதியது:

எத்மா யார் என்று தெரிந்தபின் எனக்கு இந்தப் படம் வேறு படமாகிவிட்டது.

எத்மாவும் ஓவியர். வெறுமனே பொழுதுபோக்காக வரைந்தவர் அல்ல. அக்கா தங்கை இருவரும் ஓவிய ஆசிரியர் ஜோசஃப் கிஷாரிடம் பயின்று, லூவ்ரில் உட்கார்ந்து பழைய மேதைகளைப் பார்த்து வரைந்து, பிறகு இயற்கைக் காட்சி ஓவியர் கோரோவிடம் திறந்தவெளியில் வரையக் கற்றார்கள். பாரிஸின் பாஸி பகுதியில் வீட்டுத் தோட்டத்திலேயே பெற்றோர் ஒரு ஸ்டுடியோ கட்டிக் கொடுத்தார்கள். 1864-இல் இருவர் படமும் ஒன்றாகச் சலோனில் (பாரிஸின் அதிகாரபூர்வ ஓவியக் கண்காட்சி) தொங்கியது. பத்து வருஷத்துக்கு மேல் பக்கத்தில் பக்கத்தில் ஈஸல் வைத்து வேலை செய்தவர்கள்.

1869-இல் எத்மா கடற்படை அதிகாரி அடால்ஃப் போந்தியோனை மணந்துகொண்டு லோரியாங் துறைமுகத்துக்குப் போய்விட்டார். ஓவியம் அத்தோடு நின்றது. அதே வருஷம் அங்கிருந்து தங்கைக்கு எழுதிய கடிதத்தில், மனத்தளவில் நான் அடிக்கடி உன் ஸ்டுடியோவில்தான் இருக்கிறேன், கால் மணி நேரமாவது தப்பி வந்து நாம் இத்தனை வருஷம் வாழ்ந்த அந்தக் காற்றைச் சுவாசித்துவிட்டுப் போக ஆசை என்று சொல்கிறார்.

தூரிகையைக் கீழே வைத்து மூன்று வருஷமான ஒருத்தியை, கீழே வைக்காத தங்கை வரைகிறாள். ஊதாக்கரை கேட்ட கேள்விக்கு என் பதில்: அது இழப்பு.

நிலாமுற்றம் எழுதியது:

மேற்குமாடம், நீங்கள் சொன்ன வரலாறு எல்லாம் சரி. ஆனால் கடிதத்தைப் படித்துவிட்டு வந்து முகத்தில் அதைத் தேடுகிறோமோ என்று பயமாக இருக்கிறது.

பிளான்ஷ் பிறந்தது 1871 டிசம்பரில். ஆக, படத்தில் குழந்தைக்குச் சில மாதம்தான். மூத்தவள் ஜானுக்கு அப்போது இரண்டு வயது வாக்கில்தான் இருக்கும். அந்த நிலையில் இருக்கும் எந்த அம்மாவையும் குழந்தை தூங்கிய நிமிடத்தில் பாருங்கள். முகத்தில் மகிழ்ச்சியும் இராது, சோகமும் இராது. உடம்பு ஓய்ந்திருக்கும், கண் மட்டும் விலகாது. எழுந்து போனால் விழித்துவிடுமோ என்று கை தொட்டிலிலேயே இருக்கும். எனக்கு இரண்டு பிள்ளைகள், அந்த உட்காரல் எனக்குத் தெரியும்.

பெண்ணின் முகத்தில் புன்னகை இல்லையென்றால் உடனே ஏதோ பெரிய துக்கம் என்று முடிவுகட்டுவதும் 'தாயன்பு' என்று எழுதி ஒட்டுவதைப் போன்றதுதான். களைப்பை யாரும் ஒரு பொருட்டாக நினைப்பதில்லை. மொரிசோ நினைத்திருக்கிறார். அதற்காகவே அவரைக் கொண்டாடுவேன்.

கரித்துண்டு எழுதியது:

முகத்தை விட்டுக் கொஞ்சம் அந்தத் துணிக்கு வாருங்கள். ஆயில் பெயின்டில் வேலை செய்பவன் என்பதால் என் கண் அங்கேதான் போய் நிற்கிறது.

இந்தப் படத்தில் பாதிக்கு மேல் வெள்ளை: தொட்டில் மேல் விழும் வலைத்துணி, பின்னால் ஜன்னல் திரை, குழந்தையின் படுக்கை. மூன்றும் மூன்று வெள்ளை. திரை வெளிச்சத்தை வாங்கிக்கொண்டு சாம்பலும் நீலமுமாக இருக்கிறது. படுக்கை கனமான வெள்ளை. வலைத்துணி வெள்ளையே இல்லை என்று சொல்லலாம். அடியில் என்ன நிறம் இருக்கிறதோ அது மேலே தெரிய வேண்டும், அதே சமயம் மேலே ஒரு துணி இருப்பதும் தெரிய வேண்டும். அடி வண்ணம் ஈரமாக இருக்கும்போது வெள்ளையை இழுத்தால் இரண்டும் கலந்து சேறாகிவிடும். காயவைத்து இழுத்தாலும், பெயின்ட் ஒரு துளி தடித்துவிட்டால் துணி சுவராகிவிடும். பிரஷை ஏறக்குறைய காயவைத்து, அழுத்தாமல், ஓரிடத்தில் ஒரே தடவைதான் போக முடியும்.

மொரிசோ அதற்கும் ஒரு படி மேலே போகிறார். துணிக்குப் பின்னால் இருக்கும் குழந்தையின் முகத்தைத் தெளிவாக வரைந்துவிட்டு மேலே மூடவில்லை. முகத்தையே மங்கலாக, நாலைந்து தடவலில் முடித்திருக்கிறார். துணியின் ஓரத்தில் ஓடும் இளஞ்சிவப்புப் பட்டைதான் அங்கே துணி இருக்கிறது என்று கண்ணுக்குச் சொல்கிறது. அதை விரலால் மறைத்துவிட்டுப் பாருங்கள், துணி பாதி காணாமல் போய்விடும்.

இவ்வளவு வெள்ளைக்கு நடுவே எத்மாவின் கறுப்பு ரிப்பனும் இருண்ட உடையும் இல்லாமல் போயிருந்தால் படம் கரைந்திருக்கும். இம்ப்ரெஷனிஸ்டுகள் கறுப்பைத் தொடவே மாட்டார்கள் என்று சொல்பவர்களுக்கு இந்தப் படத்தைக் காட்டுவேன்.

சித்திரப்பாவை எழுதியது:

புதியவள், ஒரு சந்தேகம். அந்தத் துணி நம் ஊர் கொசுவலை மாதிரியா, வெறும் அலங்காரமா?

கரித்துண்டு எழுதியது:

வாங்க சித்திரப்பாவை. வசதியான வீடுகளில் தொட்டிலுக்கு மேலே ஒரு கம்பத்திலிருந்து இப்படித் தொங்கவிடுவார்கள். வெளிச்சமும் காற்றும் பூச்சியும் நேரே படாமல் இருக்கும், அழகுக்கும் ஆயிற்று. படத்தில் அது இன்னொரு வேலையும் செய்கிறது. எத்மாவுக்கும் குழந்தைக்கும் நடுவே துணி இல்லை. நமக்கும் குழந்தைக்கும் நடுவேதான் இருக்கிறது. அதை இழுத்துப் பிடித்திருப்பது எத்மாவின் கை. யார் எவ்வளவு பார்க்கலாம் என்று அவள்தான் முடிவு செய்கிறாள்.

எத்மாவின் மடித்த இடது கையைப் பார்த்துவிட்டுக் குழந்தையின் கையைப் பாருங்கள், அதுவும் முகத்தருகே மடிந்திருக்கிறது. அம்மாவின் கண்ணிலிருந்து குழந்தையின் மூடிய கண்ணுக்கு ஒரு சாய்கோடு இறங்குகிறது, பின்னால் திரையின் மடிப்பும் அதே சாய்வில் விழுகிறது. அவ்வளவு கணக்காகக் கட்டியிருக்கிறார். தற்செயலாக ஒரு நிமிடத்தைப் பிடித்துப்போட்ட படம் அல்ல இது.

செம்புலம் எழுதியது:

எனக்கு ஒரு மறுப்பு இருக்கிறது, கோபித்துக்கொள்ள வேண்டாம்.

இவ்வளவு நேரமும் அம்மா, குழந்தை, அக்கா, தங்கை என்று பேசுகிறோம். இது மேல்தட்டு வீடு. எத்மா, பெர்த்தின் அப்பா அரசாங்கத்தில் உயர் அதிகாரி, வீட்டில் வேலைக்காரர்கள் உண்டு. குழந்தையை ராத்திரி முழுக்கத் தூக்கிவைத்திருந்த கை யாருடையது என்று படத்தில் தெரியவில்லை. நிலாமுற்றம் சொல்லும் களைப்பு அந்த வீட்டில் எத்மாவுடையதா, தாதியுடையதா?

மொரிசோவே பிறகு தாதியை வரைந்திருக்கிறார். 1880-இல், தன் மகள் ஜூலிக்குச் சம்பளத்துக்குப் பால் கொடுத்த பெண்ணை, தோட்டத்தில் உட்கார்ந்து பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே. அதைப் பார்த்தால் உருவங்கள் புல்லோடு புல்லாகக் கலந்துபோகும் அளவுக்கு வேகமான தடவல்கள். ஒரு பெண் வேலையாக இன்னொருத்தியின் குழந்தைக்குப் பால் தருகிறாள், குழந்தையின் தாய் அதைத் தன் வேலையாக வரைகிறாள். 'தொட்டில்' அமைதியான படம்தான். வீட்டு வாழ்க்கையின் முழு உண்மையும் அந்த அமைதிக்குள் அடங்கிவிடவில்லை.

இன்னொன்று. பெண் என்பதால் வீட்டை நுட்பமாக வரைந்தார் என்ற பேச்சு எனக்கு ஒப்பவில்லை. வேறெங்கே போய் வரைவது? பாரிஸின் நுண்கலைப் பள்ளி 1897 வரை பெண்களைச் சேர்க்கவில்லை. ஓவியர் எதுவார் மானேயும் மற்றவர்களும் கூடி வாதாடிய கஃபே கெர்புவாவில் அவர் போன்ற வீட்டுப் பெண் போய் உட்கார முடியாது. தெருவில் தனியாக ஈஸல் வைத்தால் கூட்டம் கூடிவிடும். திறந்திருந்த கதவு வீட்டுக் கதவு ஒன்றுதான்.

நிலாமுற்றம் எழுதியது:

செம்புலம், தாதி பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். அந்த வீட்டில் உதவிக்கு ஆள் இருந்திருப்பார்கள், எத்மாவின் களைப்பு எல்லா அம்மாக்களின் களைப்பும் அல்ல. ஆனால் பிள்ளை பெற்ற உடம்புக்கு ஆள் வைத்துக்கொள்ள முடியாது. அதை நான் விடமாட்டேன்.

'வேறெங்கே போவது' என்பதில் மட்டும் முழுதாக உடன்பட முடியவில்லை. கதவு அடைபட்டிருந்தது உண்மை. அதற்காக உள்ளே இருந்து வரைந்ததெல்லாம் வேறு வழியில்லாமல் வரைந்தது ஆகிவிடுமா? எங்கும் போகக்கூடிய ஆண்களும் வீட்டுக்குள் வந்து வரைந்திருக்கிறார்களே. மோனே 1867-இல் தன் மகன் ஜானைத் தொட்டிலில் வரைந்திருக்கிறார், வாஷிங்டன் தேசிய ஓவியக்கூடத்தில் இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு இதற்கு வாருங்கள். மோனேயின் படம் பெரியது, பளிச்சென்றது, குழந்தைதான் ராஜா. பக்கத்தில் இருக்கும் பெண் அவனுக்குத் துணை. மொரிசோவின் படத்தில் குழந்தை திரைக்குப் பின்னால் இருக்கிறது, பார்ப்பவள்தான் முன்னால். இந்த முடிவை எந்த அடைத்த கதவும் அவரை எடுக்க வைக்கவில்லை.

செம்புலம் எழுதியது:

சரி, இந்த ஒப்பீடு வலுவானது. பொருள் திணிக்கப்பட்டது, பார்வை அவருடையது என்று சொன்னால் இருவரும் ஒத்துப்போகலாம்.

ஊதாக்கரை எழுதியது:

கடிதங்களின் மறுபக்கத்தையும் வைக்கிறேன், இல்லையென்றால் எத்மா மட்டும் பாவமாகத் தெரிவார்.

எத்மாவின் ஏக்கத்துக்குப் பெர்த் எழுதிய பதிலைப் படித்தால் மனம் கனத்துவிடும். நீ ஏங்கும் இந்த ஓவியம்தான் என் பல துன்பங்களுக்கும் காரணம், உன் மேல் உயிராக இருக்கும் ஒருவர் உனக்கு இருக்கிறார், உன் விதியைப் பழிக்காதே, தனியாக இருப்பது கொடுமை என்ற பொருளில் எழுதுகிறார். 'தொட்டில்' வரையும்போது பெர்த்துக்கு 31 வயது. கல்யாணம் ஆகவில்லை, அம்மாவுக்கு அது பெரிய கவலை. அதற்கு முந்தைய வருஷங்களில் பிரஷ்யப் படைகள் பாரிஸை முற்றுகையிட்டபோது ஊரைவிட்டுப் போகாமல் இருந்து உடம்பும் கெட்டிருந்தது. ஓவிய வணிகர் பால் துராந்த்-ருவல் அவர் படங்களை வாங்க ஆரம்பித்ததும் அந்த 1872-இல்தான். ஓவியராக நிற்க முடியும் என்று தெரியத் தொடங்கிய நேரம், தனியாகவே நின்றுவிடுவோமோ என்ற பயமும் கூடவே இருந்த நேரம்.

அவளிடம் இருந்தது இவளிடம் இல்லை, இவளிடம் இருந்தது அவளிடம் இல்லை. படத்தில் எத்மா குழந்தையைப் பார்க்கிறாள், பெர்த் இருவரையும் பார்க்கிறாள். ஏக்கம் எத்மாவின் முகத்தில் இருக்கிறதா, அல்லது அந்த முகத்தைப் பார்த்த கண்ணில் இருக்கிறதா என்று என்னால் பிரிக்க முடியவில்லை.

மேற்குமாடம் எழுதியது:

இப்படிப் பார்த்தால் நான் சொன்ன 'இழப்பு' ஒருத்திக்கு மட்டும் உரியது அல்ல என்றாகிறது. எனக்குச் சம்மதமே.

1869-70-இல் பெர்த் வரைந்த 'அம்மாவும் அக்காவும்' படத்தையும் சேர்த்துப் பாருங்கள். அதுவும் வாஷிங்டனில்தான். கறுப்பு உடையில் அம்மா புத்தகம் படிக்கிறார், வெள்ளை உடையில் எத்மா சோஃபாவில் கண் எங்கேயோ போக உட்கார்ந்திருக்கிறார். முதல் குழந்தையை வயிற்றில் சுமந்துகொண்டு பிறந்தவீடு வந்திருந்த சமயம். சலோனுக்கு அனுப்பும் முன் பெர்த் மானேயிடம் கருத்துக் கேட்க, அவர் தூரிகையை எடுத்து அம்மாவின் உருவத்தில் தானே நிறையத் திருத்தி வைத்துவிட்டார். பெர்த்துக்கு அது ஆறாத வேதனை. படம் 1870 சலோனில் அப்படியே போய்த் தொங்கியது. இரண்டு வருஷம் கழித்து வந்த 'தொட்டில்' முழுக்க அவருடைய கை.

கரித்துண்டு எழுதியது:

மானே திருத்திய கதையைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும். மாணவன் படத்தில்கூட அனுமதி இல்லாமல் ஆசிரியர் கை வைக்கக் கூடாது, அவர் மாணவியும் இல்லை.

மாடல் பற்றி ஒன்று. எத்மாவுக்கு உட்காரத் தெரியும். தங்கை எந்தக் கோணத்தைத் தேடுவாள், வெளிச்சம் எந்தப் பக்கம் விழ வேண்டும், கையை எங்கே வைத்தால் வெள்ளைக்கு எதிரே இருட்டு நிற்கும் என்பதெல்லாம் அதே ஆசிரியர்களிடம் கற்றவர். பெர்த் ஈஸலில் நின்று வரைவதை 1860-களில் எத்மா வரைந்த படம் ஒன்று இருக்கிறது: பழுப்பு இருட்டில் முகம், கையில் தூரிகை, அத்தனை கவனம். அதில் எத்மா பார்த்தவர், பெர்த் பார்க்கப்பட்டவர். 'தொட்டில்' படத்தில் இடம் மாறியிருக்கிறது. எத்மா ஓவியத்தை விட்டார் என்று சொல்லும்போது இதையும் சொல்ல வேண்டும்: இந்தப் படத்துக்குள் ஓர் ஓவியராகத்தான் உட்கார்ந்திருக்கிறார்.

சித்திரப்பாவை எழுதியது:

இந்தப் படம் அன்றே புகழ் பெற்றதா?

மேற்குமாடம் எழுதியது:

இல்லை. 1874 ஏப்ரல் 15-இல் புலவார் தே கபுசீனில், புகைப்படக்காரர் நாதாரின் பழைய ஸ்டுடியோவில் முதல் இம்ப்ரெஷனிஸ்ட் கண்காட்சி திறந்தது. மோனே, ரெனுவார், தெகா, பிஸாரோ, செஸான் எல்லாரும் சேர்ந்து நடத்தியது. அந்தக் குழுவில் நடுநாயகமாக இருந்த ஒரே பெண் மொரிசோ. மானே போக வேண்டாம் என்று சொல்லியும் போனார். 'தொட்டில்' அங்கே வைக்கப்பட்டது. சிலர் நளினமாக இருக்கிறது என்று எழுதினார்கள், மற்றபடி பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. விற்கவும் இல்லை. பழைய ஆசிரியர் கிஷார் கண்காட்சியைப் பார்த்துவிட்டுப் பதறிப்போய், இந்தப் பித்தர்களோடு சேர்ந்தால் உங்கள் மகளுக்கு ஆபத்து என்ற தொனியில் அம்மாவுக்குக் கடிதம் எழுதினார். பெர்த்தும் எத்மாவும் சிறுமிகளாக இருந்தபோதே அவர் எச்சரித்தவர்தான்: உங்கள் பெண்கள் பொழுதுபோக்கு ஓவியர்களாக நிற்க மாட்டார்கள், நிஜ ஓவியர்கள் ஆகிவிடுவார்கள், உங்கள் போன்ற குடும்பத்தில் அது புரட்சி, ஏறக்குறைய பேரழிவு என்று.

பெர்த் நிற்கவில்லை. எட்டு இம்ப்ரெஷனிஸ்ட் கண்காட்சிகளில் ஏழில் கலந்துகொண்டார். விட்டது 1879 மட்டும், ஜூலி பிறந்த அடுத்த வருஷம். 'தொட்டில்' குடும்பத்திடமே இருந்து, 1930-இல் லூவ்ர் வாங்கியது.

செம்புலம் எழுதியது:

இதோடு இதையும் பதிந்துவைக்கிறேன். 1895-இல் மொரிசோ இறந்தபோது இறப்புச் சான்றிதழில் தொழில் இல்லாதவர் என்று எழுதினார்கள். பாஸி கல்லறையில் யூஜேன் மானேயின் (ஓவியர் மானேயின் தம்பி, மொரிசோவின் கணவர்) கைம்பெண் என்றுதான் செதுக்கியிருக்கிறது. ஏழு கண்காட்சிகள், நூற்றுக்கணக்கான படங்கள். தொழில் இல்லாதவர்! வீட்டு வாழ்க்கையை வரைந்த பெண்ணை அந்த வீட்டுக்குள்ளேயே வைத்துப் பூட்டிவிட்டார்கள். நாட்காட்டியில் 'தாயன்பு' என்று போடுவது எனக்கு உறுத்துவது இதனால்தான்.

நிலாமுற்றம் எழுதியது:

உறுத்தட்டும், உறுத்த வேண்டியதுதான்.

எத்மாவை எப்போதும் சோர்ந்தவராகவே நினைத்துக்கொள்ள வேண்டாம் என்பதற்கு ஒரு சாட்சி கொண்டுவந்தேன். 1873-இல் பெர்த் வரைந்த 'கண்ணாமூச்சி'. அதிலும் எத்மாதான், மூத்த மகள் ஜானோடு. ஒரு சின்னச் செடியைச் சுற்றி அம்மாவும் மகளும் விளையாடுகிறார்கள், தலையில் தொப்பி, சுற்றிலும் புல்வெளி. படம் மானேயிடம் இருந்தது, 1874 கண்காட்சிக்கு அவரிடமிருந்துதான் வாங்கி வைத்தார்கள். ஆக, அந்தக் கண்காட்சிக்கு வந்தவர்கள் இரண்டு எத்மாவையும் பார்த்திருக்கிறார்கள்.

ஊதாக்கரை எழுதியது:

நிலாமுற்றம், இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க எனக்கு இதுவரை தோன்றியதே இல்லை, நன்றி. வைத்துப் பார்த்த பிறகும் 'தொட்டில்' முகத்தை வெறும் களைப்பு என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. களைத்தவர் கண் செருகும், இந்தக் கண் நிதானமாக அளக்கிறது. கரித்துண்டு சொன்னதுதான் எனக்கு நெருக்கமாகப் படுகிறது: ஓவியர் ஒருவர் தன் குழந்தையைப் பார்க்கும் பார்வை. மேற்குமாடம் இழப்பு என்கிறார், நீங்கள் ஓய்ந்த உடம்பு என்கிறீர்கள், இரண்டுக்கும் படத்தில் இடம் இருக்கிறது. தாதியின் படத்துக்குத் தனி இழை தொடங்குங்கள் செம்புலம், அங்கே இதைவிட நிறைய வாதாட இருக்கிறது.